நுரைச் சட்டை போட்ட எஞ்சின்

கிட்ட வாங்க, என் செல்வங்களே. வாசலோடு நிற்கிறவர்களும் உள்ளே வந்து இருங்கள். பாய் விரித்தே கிடக்கிறது, இடம் காணும். கைத்தொலைபேசிகளைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். தண்ணீருக்கடியில் காற்றாய்ப் பறக்கும் ஒரு கப்பலின் கதை சொல்லப் போகிறேன். முதலே சொல்லிவிடுகிறேன், அந்தக் கப்பல் கடதாசியில்தான் ஓடியது. அதை ஓட்டினவள் பட்ட வெட்கம்தான் நெஞ்சுக்குள் ஓடியது. பட்ட வெட்கத்தைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறவர்கள் உங்களுக்குள் இல்லை என்பதால்தான் சொல்லத் துணிந்தேன்.

செங்கலடிச் சந்தியில் நல்லரத்தினம் என்பவர் ஒரு கொப்பிக் கடை வைத்திருக்கிறார். போட்டோக்கொப்பி, அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை, போனுக்குக் காசு போடுவது, எல்லாம் அங்கே நடக்கும். காணிக்குக் கடிதம், அரசாங்கக் கச்சேரிக்கு மனு, பொலிசுக்கு முறைப்பாடு என்று வருகிறவர்களுக்குக் கணினியில் தட்டிக் கொடுப்பது அஜந்தாவின் வேலை. பெரியகல்லாற்றுப் பிள்ளை. வயது முப்பத்திரண்டு. சந்திக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். ஒரு காலத்தில் வந்தாறுமூலைக் கம்பஸில், பல்கலைக்கழகத்தில்தான், இரண்டு வருடம் படித்தவள். இரண்டாம் வருடச் சோதனையில் கோட்டைவிட்டு, அதற்குப் பிறகு அந்த வாசலையே மிதிக்காதவள். ஊரில் யாராவது கேட்டால், “கம்பஸ் பக்கந்தான் வேலை” என்பாள். செங்கலடிக்கும் வந்தாறுமூலைக்கும் கூப்பிடு தூரம். பக்கம் என்றது பொய்யில்லை என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பின்னேரம் கடை பூட்டினால் படக்கதை கீறுவாள். மாதம் ஒரு புத்தகம், பதினாறு பக்கம். நீர்க்காகம் என்றொரு நீர்மூழ்கிக் கப்பல், அதற்குத் தலைவி கப்டன் மாயவதி. கீறுகிறவர் பெயர் சுழியோடி. அந்தச் சுழியோடி அஜந்தாதான் என்பது, புத்தகத்தை அச்சடித்துக் கொடுக்கிற நல்லரத்தினத்தைத் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது. வாசிக்கிற சனமோ அது யாரோ தாடிவைத்த ஆம்பிளை என்று நம்பியிருந்தது. முப்பது தாண்டின பெண்பிள்ளை இருந்து கப்பல் படம் கீறுகிறாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லுமென்று அவளே நினைத்து, அவளே வெட்கப்பட்டு, அவளே ஒளித்துக்கொண்டாள்.

ஆறாவது புத்தகம் வந்த கையோடு ஒரு தோணிக்காரர் எழுதியிருந்தார்: “எங்கட ஆத்துக்குள்ள தோணி எஞ்சினே தண்ணியில மெதக்கிற ஆத்துவாழையில சிக்கி நிண்டுருது. ஒங்கட கப்பலை மட்டும் என்ன, பேயா தள்ளிப் போகுது?” அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏழாவது கதையில் வெள்ளம் ஏறுகிறது. கள்ளர்கூட்டம் முகத்துவாரத்தை இரும்புக் கதவு போட்டு அடைக்கப் பார்க்கிறது. கல்லடிப் பாலத்தடியில் நிற்கிற நீர்க்காகம் மூன்று நிமிடத்தில் அங்கே போயாக வேண்டும். வாசிக்கிறவன் ஒத்துக்கொள்கிற மாதிரி ஓர் எஞ்சின் இல்லாமல் இனி ஒரு பக்கமும் கீறுவதில்லை என்று தீர்மானித்தாள்.

அப்படித்தான் ஏறாவூருக்குப் போனாள். அங்கே ஆற்றங்கரையோரம் மஜீட் என்பவர் தோணி எஞ்சின் திருத்துகிறார். அறுபதைத் தொட்ட மனிதர். இளந்தாரி வயதில் கடலில் சங்கு குளித்தவர். அஜந்தா கையில் கொப்பியும் பென்சிலுமாக நின்று, எஞ்சின் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும் என்று இழுத்தாள். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, “கம்பஸ்ல இருந்தா மிஸ்?” என்று கேட்டார்.

படக்கதைக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. “ஓம்” என்று தலையாட்டினாள்.

ஓம் என்பது எவ்வளவு சின்னச் சொல், பிள்ளைகளே. ஊசிக் காது போல இருக்கும். ஆனால் அதற்குள்ளால் ஒரு யானையே நுழைந்துவிடும்.

மஜீட் காக்கா, அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்து அவளை இருத்தினார். நாலு சனிக்கிழமை அவள் போய்வந்தாள். எஞ்சினைக் கழற்றிக் காட்டினார். கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார். நாலாம் சனிக்கிழமைதான், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“கணவாயைப் பாருங்க மிஸ். அதுக்குக் காத்தாடியும் இல்ல, துடுப்பும் இல்ல. தண்ணியக் குடிக்கும், துப்பும், போய்ரும். நம்மள மாதிரி முன்னுக்குப் பாத்துப் போறல்ல, பின்னாலதான் போகும். ஆனாப் போன எடம் தெரியாது.”

எஞ்சினின் வாலில் சுழலும் காத்தாடி இருந்தால்தானே ஆற்றுவாழை சுற்றும்? அவர் யோசித்த எஞ்சினில் அதுவே இல்லை. இரண்டு ரப்பர் பைகள், உழவு இயந்திரச் சக்கரத்து ரியூப் போல. ஒன்று தண்ணீரைக் குடிக்கும்போது மற்றது துப்பும். அது குடிக்கும்போது இது துப்பும். இடையில் மூச்சு வாங்குகிற வேலை இல்லை. வேகத்துக்கு அவர் சொன்ன வழிதான் அஜந்தாவை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“றபீக்காட கையில காப்பு இறுகினா என்ன செய்வா? சவுக்காரம் போட்டு நுரைய வெச்சித்தான் கழட்டுவா. கப்பலும் அப்பிடித்தான் மிஸ், தண்ணிக்குள்ள இறுகிக் கெடக்கு. எஞ்சின்ட புகையைக் கப்பல்ட மூக்கால விட்டு, ஒடம்பு முழுக்க ஒரு நுரைச் சட்டை போட்டு விட்டமெண்டா, வழுகிப் போய்ரும்.”

உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவி றபீக்கா, “என்ட கையையும் கம்பஸுக்கு எழுதிக் குடுக்கிறீங்களா?” என்று குரல் கொடுத்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளும் கலந்துகொண்டதை நினைத்துப் பிறகு எத்தனை நாள் கூசினாள்.

பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அளவுகளோடு கீறின ஒன்பது படங்களை அவர் எடுத்து நீட்டினார். இருபது வருடமாக மண்டைக்குள் கிடந்த சாமான் என்றார். இங்கே சொன்னால் சிரிப்பான்கள் என்றார். கடைசியாக, “கம்பஸ்ல பெரிய ஆக்கள் ஆருக்கிட்டயும் காட்டுவீங்களா மிஸ்?” என்று கேட்டார்.

“காட்டுறன் காக்கா.”

ஒன்பது தாளையும் அவள் காட்டினாள்தான். யாருக்குக் காட்டினாள்? சுழியோடிக்கு.

ஏழாவது புத்தகம் வந்தது. நடுப்பக்கம் இரண்டையும் விரித்தால் கணவாய் எஞ்சின், வெட்டிப் பார்த்த மாதிரி, உள்வயிறு தெரிய. புத்தகத்தை மூன்று தரம் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. தோணிக்காரரே, “இப்ப ஒத்துக்கொள்ளுறன்” என்று எழுதினார். சுழியோடியின் முகநூல் பக்கத்தில், இந்த எஞ்சினை யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு என்று யாரோ போட்டிருந்தார். அஜந்தா அதற்குப் பதில் எழுதினாள்: “நன்றி. பல வருட யோசனை.”

பல வருடம் என்றது உண்மை. யாருடைய வருடம் என்று அவள் எழுதவில்லை.

அந்தப் பக்கமெல்லாம் மஜீட் காக்காவுக்கு எட்டாது. அவருக்கு எட்டியது வட்ஸப் மட்டும். அதில் குரலாகப் பேசி அனுப்புவார்: “மிஸ், என்னமாதிரி? பாத்தாங்களா? அவசரமில்ல.” அவசரமில்லை என்று பதினொரு தரம் பேசி அனுப்பியிருந்தார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கும். அவர் சின்னதாக ஒன்று செய்தும் பார்க்கிறாராம், நீலப் பீப்பாவை வெட்டி. அஜந்தா முதலில், பார்க்கிறார்கள் என்று எழுதினாள். பிறகு, பிடித்திருக்கிறதாம் என்று எழுதினாள். ஒரு பொய்யை நட்டுவிட்டால் அது தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் அவர், அந்தக் கம்பஸ் ஆட்களை வருகிற சனிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டிக்கொண்டு வர ஏலுமா, வேலையாட்களுக்கும் சொல்லிவைத்து இரண்டு கதிரையும் எடுக்கிறேன் என்று கேட்டார். “சரி காக்கா” என்று எழுதினாள். சனிக்கிழமைக்கு முன்னால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

வியாழக்கிழமை முற்பகல் மஜீட் காக்கா கொப்பிக் கடைப் படியில் ஏறினார். கையில் சுருட்டிப் பிடித்த ஏழாவது புத்தகம்.

அவளைக் கண்டதும் அவருடைய முகம் விரிந்துபோயிற்று. அல்லாஹ்தான் உங்களைக் கொண்டுவந்து விட்டான் என்றார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தெரிந்த ஆட்களின் கடை, லீவில் உதவிக்கு வந்தேன் என்று அவள் சொன்னாள். போட்டோக்கொப்பி மெசினுக்குப் பின்னால் நின்ற நல்லரத்தினம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒருதரம் பார்த்தார். ஏழு வருடமாகக் கூலி கொடுக்கிறவர். தாளைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு அவளுக்கு அறைந்த மாதிரி இருந்தது.

காக்கா புத்தகத்தை மேசையில் விரித்தார். மச்சான்காரனின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாளாம்.

“நம்மட எஞ்சினை ஆரோ களவெடுத்திட்டான் மிஸ். கம்பஸுக்குள்ள இருந்துதான் போயிருக்கணும். நீங்க நம்பி ஆருக்கிட்டயோ குடுத்திருக்கீங்க, அவன் ஒங்களையும் ஏமாத்தியிருக்கான்.” விரலால் நடுப்பக்கத்தைத் தட்டினார். “களவெடுத்தவனுக்கு ஒழுங்காக் களவெடுக்கவும் தெரியல்ல. பாருங்க, நுரைய வாலில விட்டிருக்கான். வாலில நுரை விட்டா என்ன வரும்? கப்பல் குளிக்கும்.”

ஏறாவூரில் முறைப்பாடு எழுதினால் சனிக்கிழமைக்கு முன்னால் கதை ஊருக்குள் பரவிவிடும் என்று பயந்து செங்கலடிக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில் மிஸ்ஸே இருக்கிறார். நல்ல தமிழில் எழுதித் தருவார். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, அஜந்தா தட்டினாள். கனம் பொறுப்பதிகாரி அவர்களுக்கு, ஏறாவூரைச் சேர்ந்த எஞ்சின் திருத்துநராகிய நான் பணிவுடன் அறியத் தருவது. இருபது வருடம். ஒன்பது படம். அவருடைய வாயிலிருந்து வந்ததெல்லாம் வழக்கம்போல அவளுடைய விரலால் எழுத்தாகிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவர், எழுதுகிறவளின் தலைக்கு மேலால் பார்த்துக்கொண்டு சொன்னார்: இதற்குச் சாட்சி வந்தாறுமூலைக் கம்பஸைச் சேர்ந்த அஜந்தா மிஸ், மிகவும் நேர்மையான பிள்ளை, அவர் பெயருக்கு ஒரு குறையும் வரக்கூடாது. அதையும் தட்டினாள்.

“களவெடுத்தவன்ட பேரு சுழியோடி எண்டு போடுங்க. சரியான பேரைப் பொலிஸ் கண்டுபிடிக்கட்டும்.”

சுழியோடி என்று தட்டினாள். விரல் நின்றது. வீதியில் பதுளை பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. அது புறப்பட்டது. பிறகு, சுழியோடி என்ற பெயரில் எழுதும், என்று தொடங்கித் தன் பெயரையும், தகப்பன் பெயரையும், பெரியகல்லாற்று விலாசத்தையும் தட்டினாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தட்டின கடிதத்தைச் சொந்தக்காரருக்கு உரக்க வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதில்லை. கண் தெரியாதவர்களும் எழுத்துத் தெரியாதவர்களும் வருகிற இடம்; ஒருவர் சொன்னது ஒன்று, தாளில் விழுந்தது இன்னொன்று என்று ஆகிவிடக்கூடாது என்பது நல்லரத்தினத்தின் கட்டளை. ஏழு வருடத்தில் அஜந்தா எத்தனையோ பேருடைய துக்கத்தை வாசித்திருக்கிறாள்.

தாளை எடுத்து வாசித்தாள். சாட்சியின் பெயரை வாசித்தாள். எதிராளியின் பெயரை வாசித்தாள். முடித்துத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

மஜீட் காக்கா பேனையைத் திறந்தார். பிறகு மூடினார்.

“ஒரு பிழை விழுந்திரிக்கி மிஸ். ஒங்கட பேரு ரெண்டு எடத்தில வந்திரிக்கி.”

“பிழையில்ல காக்கா.”

அவர் அவளைப் பார்த்தார். மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். மெசினுக்குப் பின்னால் குனிந்தே நின்ற நல்லரத்தினத்தைப் பார்த்தார். அதற்குள் விளங்கிவிட்டது.

“அப்ப கம்பஸ்?”

“அங்க நான் ஒருத்தருக்கும் காட்டல்ல. எனக்கு அங்க ஆரையும் தெரியாது.”

அவர் எழுந்தார். முறைப்பாட்டை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார், கையெழுத்து வைக்காமலே. படியில் இறங்கப் போனவர் திரும்பினார். குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“படத்துக்கெண்டு கேட்டிருந்தாலும் தந்திருப்பனே புள்ள.”

மிஸ் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவளும் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுதும் அதே யோசனை. சனிக்கிழமையை அவர் நிறுத்தியிருப்பார் என்று ஒரு மனம் சொன்னது. எப்படி நிறுத்துவார், என்ன காரணம் சொல்லி நிறுத்துவார் என்று மறுமனம் கேட்டது. கம்பஸ் ஆட்கள் வருகிறார்கள் என்று வாய்நிறையச் சொன்ன மனிதர், இனி வரமாட்டார்கள் என்றால், அவர்தான் கதை அளந்தார் என்றல்லவா ஆகும். தான் செய்த களவுக்கு அவர் பொய்யராக நிற்கப் போகிறார். அதை நினைத்த பிறகுதான் சனிக்கிழமை பின்னேரம் ஏறாவூர் பஸ்ஸில் ஏறினாள்.

அவர் நிறுத்தவில்லை. இரண்டு கதிரை என்றவர் பன்னிரண்டு எடுத்துப் போட்டிருந்தார். முன்வரிசையில் இரண்டுக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தது. நடுவில், தார்ப்பாய் மூடின நீலப் பீப்பா. தோணிக்காரர்களும் அயல் கடைக்காரர்களும் நின்றார்கள். மஜீட் காக்கா தோய்த்து மடித்த சேட்டுப் போட்டு, பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தனியாக வந்தவளைக் கண்டதும் கிட்ட வந்து, “ஏன் வந்தீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“நான் சொல்லுறன் காக்கா. நீங்க சொல்லாதீங்க.”

வெள்ளைத் துணி போட்ட கதிரைக்கு முன்னால் நின்று சொன்னாள். கம்பஸிலிருந்து ஒருவரும் வரவில்லை, வரப்போவதுமில்லை, யாரிடமும் நான் கேட்கவேயில்லை. காக்கா பொய் சொல்லவில்லை. நான்தான் அவருக்குப் பொய் சொன்னேன். இந்த எஞ்சின் அவருடைய மூளை. என் படக்கதைக்கு அதை எடுத்து என்னுடையதென்று போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வசனமும் வாயிலிருந்து முள்ளை இழுக்கிற மாதிரி வந்தது. படக்கதை என்றதும் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இத்தனை வருடமாக அவள் பயந்திருந்த சிரிப்பு அதுதான். கேட்டபோது ஒன்றுமேயில்லை. அதைவிட, றபீக்கா சிரிக்காமல் நின்றதுதான் அவளைக் கொன்றது.

சீனித்தம்பி என்ற தோணிக்காரர் வாய் சும்மா இருக்காதவர். “அப்ப இந்தக் கதிரையெல்லாம் ஆருக்கு காக்கா?” என்று கேட்டார்.

“ஒனக்குத்தான். இரி” என்றார் மஜீட்.

சீனித்தம்பி வெள்ளைத் துணியில் போய் இருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இருந்தார்கள். வந்ததுக்கு ஓட்டித்தான் காட்டுங்களன் என்று யாரோ கேட்டதற்கு, மஜீட் தார்ப்பாயின் நுனியை இன்னும் இழுத்து மூடி, இண்டைக்கு இல்லை என்றுவிட்டார்.

போவதற்குத் திரும்பினவளை றபீக்கா மறித்தார். கையில் வட்டிலப்பம் வைத்த தட்டு. அந்தப் பெரிய ஆட்களுக்கென்று விடியவே எழும்பி அவித்தது.

“சாப்பிட்டுட்டுப் போங்க. வந்த ஆளை வெறும் வயித்தோட அனுப்பிப் பழக்கமில்ல எங்களுக்கு.”

முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. அஜந்தா நின்றபடியே தின்றாள். அவ்வளவு இனிப்பு, ஒவ்வொரு துண்டும் கல்லாக இறங்கியது. மிச்சம் வைத்தால் இன்னும் ஒரு குற்றம் சேரும் என்று வழித்துத் தின்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு மஜீட் காக்காவிடம் போனாள். வீட்டிலிருந்து வரும்போதே யோசித்து வைத்த ஒன்று அவளிடம் இருந்தது. அதுதான் தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கும் என்று நம்பியிருந்தாள். அடுத்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் உங்களுடைய பெயரைப் போடுகிறேன், எஞ்சினைக் கண்டுபிடித்தவர் மஜீட் என்று போடுகிறேன் என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

“வேணாம் புள்ள. கம்பஸ் எண்டானே, கடைசில சின்னப் புள்ளைகள்ர பொத்தகத்தில வந்திட்டான் எண்டு சீனித்தம்பி ஊரெல்லாம் சொல்லுவான். ஒங்கட மனம் ஆறுறத்துக்கு என்ட பேரைக் கேக்காதீங்க.”

கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று கொண்டுவந்ததைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். ஒன்று மட்டும் கேட்டாள்: இது என்னுடையதல்ல என்று மட்டும் எழுதலாமா? “அது ஒங்கட விசயம்” என்றார் அவர்.

எட்டாவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் படம் இல்லை. மூன்று வரி மட்டும். “சென்ற இதழில் வந்த கணவாய் எஞ்சின் என் யோசனை அல்ல. கேட்காமல் எடுத்தேன். அதில் நுரை விடும் இடத்தையும் நான் பிழையாகக் கீறிவிட்டேன்.” அதற்குக் கீழே சுழியோடி என்று இல்லை. அஜந்தா, பெரியகல்லாறு என்று இருந்தது. வாசகர் சிலர் போய்விட்டார்கள். ஊரிலிருந்து தாய் அழைத்து, நீ கம்பஸ் பக்கத்தில் வேலை என்றாயே என்று கேட்டாள். அதற்கும் பதில் சொன்னாள். நீர்க்காகம் இப்போதும் ஓடுகிறது, ஆனால் துடுப்பு வலித்து, மெதுவாக.

அந்த நீலப் பீப்பா தண்ணீரில் இறங்கியதா, ஓடியதா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. ஏறாவூரைக் கடக்கும்போதெல்லாம் பஸ்ஸில் ஆற்றுப் பக்கத்து ஆசனத்தில்தான் இருப்பாள். இறங்கிப் போய்க் கேட்கிற உரிமையைத் தான் வைத்திருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கதை அவ்வளவுதான், என் கண்மணிகளே. எழும்புங்கள், கால் விறைத்திருக்கும். உங்கள் வீட்டு உலையில் அரிசி குறையாதிருக்கட்டும். கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறட்டும். உங்கள் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லக் கூசாமல் வளரட்டும். நீங்கள் துணி விரித்துக் கதிரை போட்டுக் காத்திருக்கிற நாளில், வருகிறோம் என்றவர்கள் உங்கள் வாசலுக்கு வந்தே சேரட்டும்.